நந்தி என்றால் நன்றி இல்லை

எனக்குப் பின் எங்கள் பட்மின்டன் மண்டபத்தின் காவலாளியாக வந்திருப்பவர் சுகந்தி. போன மாதம் சாவிக்கொத்தை ஒப்படைக்கப் போயிருந்தேன். கழகத்துக்குப் புதிதாக ஒரு தாய்லாந்துப் பெண் ஆட வந்திருக்கிறாள். அவள் கைத்தொலைபேசியில் ஏதோ முணுமுணுத்தாள். அது சுத்தமான இத்தாலியனில், இடது தோள் இறுகியிருக்கிறது, வெந்நீர்ப் பை கிடைக்குமா என்று கேட்டது. சுகந்தி பையை எடுத்துக் கொடுத்தார். அவ்வளவுதான். ஒருவரும் ஓடவில்லை, ஒருவரும் அழவில்லை, கோயில் ஐயரைக் கூட்டிவர ஒருவரும் பஸ் ஏறவில்லை. இதையெல்லாம் வேலை என்று ஒத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

"அண்ணை, உங்கடை காலத்திலை இது இல்லைத்தானே? அந்த இந்தோனேசியக்காரனோடை என்னெண்டு கதைச்சனீங்கள்?" என்று சுகந்தி கேட்டார்.

"தமிழிலைதான்."

"அவருக்குத் தமிழ் தெரியுமோ?"

"எனக்குத் தெரியும்."

சுகந்தி சாவிக்கொத்தை வாங்கி மேசையில் வைத்தார். பிறகு, "இதைச் சங்க மலருக்கு எழுதுங்கோ, உங்களுக்கு விசர் எண்டு நாங்கள் மட்டும் தெரிஞ்சு வைச்சிருந்தால் காணாது" என்றார். எழுதுகிறேன்.

என் ஆரம்பகால உழைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நம்மவர்களில் பாதிப் பேரின் கதைதான். இத்தாலியின் சிசிலித் தீவில் பலேர்மோவுக்கு வந்தேன், ஒரு சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டில் தரை துடைத்தேன், அவருடைய பூனையைக் குளிப்பாட்டினேன், பூனை என்னைக் கீறியது, சிஞ்ஞோரா பூனைக்கு மருந்து போட்டார். பிறகு கால்சாப் பக்கம், துறைமுகத்துக்குக் கிட்ட, ஒரு பட்மின்டன் கழகத்துக்குக் காவலாளி வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். என் பெயர் கணேசலிங்கம். இத்தாலியருக்கு அது நீளம் என்று, ஊரில் கூப்பிடுகிறபடி "கணே" என்று சொல்லிவைத்தேன். இத்தாலியனில் "கானே" என்றால் நாய். "என் பெயர் நாய், நான் காவல் காக்க வந்திருக்கிறேன்" என்று முதல் நாளே கைகுலுக்கிச் சொன்ன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். கழகத் தலைவர் மிம்மோ கண்ணியமான மனிதர். அவருக்கு என்னை நாய் என்று கூப்பிட வாய் வரவில்லை. ஜீனோ என்று பெயர் மாற்றினார். அன்று முதல் ஓய்வுபெறும் வரை நான் ஜீனோ.

மிம்மோவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். குளியலறைத் தொட்டிகளும் மாபிள்களும் விற்கும் கடை வைத்திருந்தவர். எவருக்கும் நேரே "இல்லை" என்று சொல்லமாட்டார். சிசிலியில் இல்லை என்று சொல்ல வாய் தேவையில்லை, நாடியைச் சற்று மேலே தூக்கி நாக்கால் ஒரு "ச்சு" கொட்டினால் போதும். மிம்மோவுக்கு அதுகூட முரட்டுத்தனமாகப் பட்டது. அவருடைய சொல் "வெதியாமோ". பார்ப்போம் என்று அர்த்தம். கூரை ஒழுகுகிறது என்றால் வெதியாமோ. எனக்கு லீவு வேண்டும் என்றால் வெதியாமோ. கூரை இன்னும் ஒழுகுகிறது. (அவர் பேசியது சிசிலியன். என் காதுக்குள் போகும்போது அது யாழ்ப்பாணத் தமிழாகித்தான் போகும். இந்தக் கட்டுரையில் அப்படியே எழுதியிருக்கிறேன். மொழிபெயர்ப்பின் தரத்தைப் போகப் போக நீங்களே முடிவு செய்யுங்கள்.)

காவலாளி வேலையில் கதவு திறப்பதும் பூட்டுவதும் சின்ன விஷயம். பெரிய விஷயம் இறகுப்பந்து. அந்தப் பந்து வாத்திறகால் ஆனது. ஆப்பிரிக்காவிலிருந்து வெக்கைக் காற்று வீசும் நாட்களில் பலேர்மோவில் இறகு அப்பளம்போலக் காய்ந்துபோகும். இரண்டு அடியில் நொறுங்கும். அதற்கு ஆவி காட்ட வேண்டும். கூடினால் இறகு தொய்யும், பந்து நடுவானில் சோர்ந்து விழும். குறைந்தால் பயனில்லை. மற்றக் கழகங்களில் பாஸ்தாச் சட்டிக்கு மேலே பிடித்து ஆவி காட்டுவார்கள். நான் வீட்டிலிருந்து நீத்துப்பெட்டியைக் கொண்டு போனேன். புட்டு அவிக்கிற அந்தப் பனையோலைக் கூம்பும் இறகுப்பந்தும் ஒரே வடிவம். ஒன்றை மற்றதற்காகவே செய்ததுபோலப் பொருந்தும். பானை கொதித்ததும் பெட்டியை வைத்து, மூடி, "சிவசிவா" என்று இரண்டு தரம் ஆறுதலாகச் சொல்லி இறக்க வேண்டும். மூன்று தரம் சொன்னால் பந்து வெந்துவிடும்.

ஒருநாள் என் மனைவி பரமேசு பெட்டியை மணந்து பார்த்தாள்.

"இதுக்குள்ளை என்ன அவிச்சனீங்கள்?"

"ஒண்டுமில்லை."

"புட்டுக்குள்ளை இறகு கிடக்கு."

"பனையோலைத் தும்பாயிருக்கும்."

"பனை எப்ப தொடக்கம் பறக்குது?"

அதோடு கழகத்துக்கென்று தனி நீத்துப்பெட்டி ஒன்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. சுகந்தியிடம் சாவிக்கொத்தோடு அதையும் கொடுத்திருக்கிறேன்.

இப்போது புடியிடம் வருகிறேன்.

அவன் இந்தோனேசியாவின் ஒற்றையர் ஆட்டக்காரன். தன் நாட்டுத் தேசியப் பயிற்சி முகாமில் இருந்தவன். பிறகு ஐரோப்பியக் கழகங்களுக்குக் கூலிக்கு ஆட வந்தவன். வரைபடத்தில் பார்த்தால் அவனுடைய ஆட்ட வாழ்க்கை வடக்கே தொடங்கி மெல்ல மெல்லத் தெற்கே வழுக்கி வந்திருந்தது. பலேர்மோவுக்குப் பிறகு கடல்தான். எங்கள் கழகம் மேல் பிரிவிலிருந்து விழாமல் இருக்க ஒரு பருவத்துக்கு அவனைக் கொண்டுவந்தார்கள். வரும்போதே அவன் முடிவு செய்துவிட்டான்: இது கடைசிப் பருவம், இதோடு மட்டையை வைத்துவிட்டு வீடு போவது. மனைவி அங்கே ஒரு சாப்பாட்டுக் கடைக்கு இடம் பார்த்துவிட்டாள். இதை அவன் எல்லோருக்கும் சொன்னான். விளங்கியிருக்க வேண்டியவர் இருவர், இருவருக்கும் விளங்கவில்லை. ஒருவர் கழகத் தலைவர். மற்றவர் அவனுடைய மொழிபெயர்ப்பாளர்.

அந்த உத்தியோகம் எனக்குக் கிடைத்த விதம் இது. புடிக்கு இத்தாலியன் தெரியாது. ஆங்கிலத்தில் "யெஸ்", "சொறி", "குட் கேம்" தெரியும். மிம்மோவுக்கு அதுவும் தெரியாது. தொலைபேசிக்கு அந்த நாளில் மொழிபெயர்க்கத் தெரியாது. தெரிந்திருந்தாலும், எங்கள் மண்டபம் பழைய எலுமிச்சம்பழக் களஞ்சியம், பாதி நிலத்துக்குக் கீழே, சுவர் என் இரண்டு முழம் தடிப்பு. அதற்குள் அப்போது சிக்னல் வராது. மிம்மோ என்னைக் கூப்பிட்டார்.

"ஜீனோ, நீயும் அந்தப் பக்கத்து ஆள்தானே? இவன்ரை பாஷை உனக்குத் தெரியுந்தானே?"

"சி, சி, பிரெசிதெந்தே" என்றேன். ஓம், ஓம், தலைவரே.

நம்மவர்கள் என்னைக் குறை சொல்லமாட்டார்கள். இந்த நாட்டில் முதலாளி எது கேட்டாலும் முதலில் "சி" என்று சொல்வது, பிறகு வீட்டுக்கு வந்து அவர் என்ன கேட்டார் என்று விசாரிப்பது, இதுதானே நம் எல்லோருடைய பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியையும் இவ்வளவு காலம் காப்பாற்றியது?

தவிர, முதல் நாளே எனக்கு ஒரு துணிவு வந்தது. விமானநிலையத்தில் அவன் தன் பெட்டியைக் காட்டி "பெத்தி" என்றான். பெட்டி! துறைமுகத்தைக் கடக்கும்போது நாப்போலிக் கப்பலைக் காட்டி "காப்பால்" என்றான். கப்பல்! நான் காருக்குள் துள்ளிவிட்டேன். சோழன் கப்பலேறிப் போய் இவ்வளவு பாடுபட்டது வீண்போகவில்லை. இந்த மொழி தமிழேதான், கொஞ்சம் நனைந்துபோயிருக்கிறது, காயவைத்தால் விளங்கும் என்று முடிவு கட்டினேன்.

அன்றிலிருந்து அவன் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் காயவைத்தேன்.

பயிற்சி முடிந்ததும் அவன் என்னிடம் வந்து "மகான்" என்பான். முதலில் எனக்கு "மகன்" என்றுதான் கேட்டது. என்னைவிட எவ்வளவோ இளையவன் என்னை மகனே என்பதா என்று கொஞ்சம் கோபம் வந்தது. இரண்டு மூன்று நாள் உற்றுக் கேட்டேன். மகன் இல்லை, மகான். மனிதனுக்குத் தன்னைப் பற்றிய நல்ல சொல் கேட்கத் தொடங்கினால் காது தானாகக் கூர்மையாகும். "மகான்?" என்று அவன் கேட்பான். நான் கையைக் கூப்பி, தலையைக் குனிந்து, "சீச்சீ, அப்பிடியொண்டுமில்லை" என்பேன். அவன் என்னைச் சோகமாகப் பார்த்துவிட்டு பகேரியா ரயிலைப் பிடிக்கப் போவான். அங்கேதான் கழகம் அவனுக்கு அறை எடுத்துக் கொடுத்திருந்தது.

பரமேசுவிடம் பெருமையாகச் சொன்னேன்.

"உங்களையோ? மகானெண்டோ?"

"ஓம். வயிற்றிலை கையை வைச்சுச் சொல்லுறான். அவையின்ரை வணக்கம் அதாக்கும்."

"ஆளுக்குப் பசியோ தெரியேல்லை."

"உனக்கு எல்லாம் சாப்பாடுதான்" என்றேன்.

அடுத்தது ஐயர் விவகாரம். சொந்த மண்டபத்தில் முதல் போட்டி. வெக்கைக் காற்று வெளியே சுழன்றது. புடி தொண்டையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் "ஆயிர், ஆயிர்" என்றான். முகத்தில் அப்படி ஒரு தவிப்பு. ஐயர்! அந்நிய நாடு, முதல் போட்டி, மனுசனுக்கு ஒரு பூசை கேட்கத் தோன்றாதா? அவன் எந்தச் சமயம் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் பாஷை வேண்டுமே. ஓடிப்போய் பஸ் ஏறி, மதியப் பூசை முடித்துச் சோற்றில் கைவைக்கப் போன எங்கள் கோயில் ஐயரைக் கையோடு கூட்டிவந்தேன்.

ஐயர் வேட்டி சால்வையோடு ஆடுகளத்தின் ஓரத்தில் நின்று மந்திரம் சொல்லி, புடியின் நெற்றியில் விபூதி பூசினார். புடி திகைத்துப்போய் நின்றான். பிறகு ஐயர் செம்பிலிருந்து உத்தரணியால் தீர்த்தம் எடுத்து அவன் கையில் வார்த்தார். அவ்வளவுதான், அவன் முகம் மலர்ந்தது. "ஆயிர்!" என்று கத்தினான். செம்பை இரண்டு கையாலும் வாங்கி, அண்ணாந்து, கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுத் துளசி இலையைத் துப்பினான்.

ஐயர் அசந்துபோனார். "கணேசலிங்கம், நான் எத்தினை கும்பாபிசேகம் பாத்தனான். இப்பிடித் தாகத்தோடை தீர்த்தம் குடிச்ச அடியாரைக் கண்டதில்லை."

அன்று புடி வென்றான். அதற்குப் பிறகு மிம்மோ ஐயர் இல்லாமல் ஆட்டம் தொடங்க விடவில்லை. சிசிலியர்களுக்கு வென்ற நாளில் நடந்த எதையும் மாற்றக்கூடாது. தொடர்ந்த எல்லாச் சொந்த மண்டபப் போட்டிகளிலும் ஐயர் ஒரு பெரிய குடத்தோடு முன்வரிசையில் இருந்தார்.

மொழிபெயர்ப்பாளருக்கு ஆட்டத்தின்போது இருக்கும் ஒழுங்குகளையும் சொல்லவேண்டும், இளையவர்களுக்கு உதவும். ஆடுகளத்தின் பின்னால் இரண்டு நாற்காலி போடுவார்கள். ஒன்று பயிற்சியாளருக்கு. எங்கள் கழகத்தில் மிம்மோதான் பயிற்சியாளரும். மற்றது எனக்கு. பந்து பறக்கும்போது வாய் திறக்கக்கூடாது. பந்து விழுந்த பிறகுதான் பேசலாம். ஒருவர் பதினொரு புள்ளியைத் தொட்டதும் ஒரு நிமிட இடைவேளை. அந்த நிமிடத்தில் மிம்மோ இரண்டு கையாலும் காற்றைப் பிசைந்து பேசுவார். நான் தலையாட்டிக் கேட்டு, புடியிடம் திரும்பி, "அவர் சொல்லுறார், அடி" என்பேன். இந்தோனேசிய மொழியில் "அடிக்" என்றால் தம்பியாம், கடைசி "க்" காதில் விழாதாம். ஆக, எட்டு மாதமும் ஒவ்வொரு இடைவேளையிலும் நான் அவனைத் தம்பி என்று மட்டும் கூப்பிட்டிருக்கிறேன். அதற்கே அவன் நன்றாகத்தான் ஆடினான்.

இனி, இந்தக் கட்டுரைக்கே பெயர் கொடுத்த சொல்.

பருவத்தின் நடுவில் மிம்மோ எங்கள் இருவரையும் தன் கடைக்கு அழைத்தார். மூன்று பேரும் விற்பனைக்கு வைத்த குளியல் தொட்டிகளின் விளிம்பில் இருந்தோம்.

"ஜீனோ, அவனிட்டைக் கேள். இன்னும் ரெண்டு வருசம் எங்களோடை நிக்கிறானோ எண்டு."

நான் புடியைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டி, நிலத்தைக் காட்டி, சிரித்தேன். புடிக்கு அது விளங்கியது. அந்த ஒன்று மட்டும் விளங்காமல் போயிருக்கலாம். அவனும் சிரித்து, தலையைச் சரித்து, மிக மெல்ல, "நந்தி" என்றான்.

நந்தியா? சிவன் கோயில் மாடு இங்கே எதற்கு? ஒரு கணம் யோசித்தேன். விளங்கிவிட்டது. அவன் நாக்குக்கு றகரம் வராது. நன்றி!

"நன்றி சொல்லுறான், பிரெசிதெந்தே."

மிம்மோவின் முகம் ஒரு மாதிரிப் போனது. ஆனந்தம் தாங்க முடியவில்லையாக்கும் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் தொட்டியின் குழாயைத் திருகிக்கொண்டிருந்துவிட்டு, "வெதியாமோ" என்றார்.

பார்ப்போம் என்றால் நல்ல செய்திதானே? புடிக்குப் பெருவிரலை உயர்த்திக் காட்டினேன். புடியின் சிரிப்பு கொஞ்சம் வெளிறியது. அதுவும் ஆனந்தமாக்கும்.

ஒவ்வொரு மாதமும் இதே சடங்கு. மிம்மோ கேட்பார், புடி நந்தி என்பான், நான் நன்றி என்பேன், மிம்மோ வெதியாமோ என்பார், நான் பெருவிரலைக் காட்டுவேன். ஒருநாள் புடிக்குப் பொறுக்கவில்லை. தன் நெஞ்சைத் தொட்டு, "புலாங்" என்றான். "கெடாய்" என்றான். "புலாங், கெடாய்" என்று திரும்பத் திரும்ப.

கெடாய் என்றால் கடை, அதில் சந்தேகமில்லை. புலாங்? புலம்பு!

"என்ன சொல்லுறான்?" என்று மிம்மோ கேட்டார்.

"கடையைப் பற்றிப் புலம்புறான், பிரெசிதெந்தே."

"என்ரை கடையைப் பற்றியோ? என்ன குறை கண்டவன்?"

மறுநாள் மிம்மோ புடியின் அறைக்குப் புதுக் கைகழுவும் தொட்டி ஒன்றை அனுப்பி வைத்தார். புடி அதைப் பார்த்து அழுதானாம். நன்றியுள்ளவன் என்று சொன்னேன்.

கடைசிப் போட்டி எங்கள் மண்டபத்தில் நடந்தது. வென்றால் மேல் பிரிவில் நிற்கலாம், தோற்றால் விழுவோம். ஐந்து ஆட்டத்தில் இரண்டுக்கு இரண்டு. மிஞ்சியது ஒற்றையர். எதிர்க் கழகம் வடக்கிலிருந்து வந்தது. அவர்களுடைய ஆட்டக்காரன் ஒரு டென்மார்க்குப் பெடியன், என் வீட்டு அலுமாரி உயரம். ஆட்டம் முடிந்ததும் எல்லோர் முன்னிலையிலும் புடியோடு இரண்டு வருட ஒப்பந்தம் என்று மிம்மோ அறிவித்திருந்தார். முன்வரிசையில் மேசை, பேனா, ஒரு தட்டு கன்னோலி இனிப்பு. பக்கத்தில் ஐயர், குடம்.

அன்று துறைமுகத்தில் ஓர் உல்லாசக் கப்பல் நின்றது. அதில் வேலை செய்யும் இந்தோனேசியர்கள் எப்படியோ கேள்விப்பட்டு ஒரு கூட்டமாக வந்து சேர்ந்தார்கள். புடியைக் கண்டதும் எழுந்து நின்று கத்தினார்கள். என் நாற்காலிக்கு நேர் பின்னால் இருந்தவர் கப்பலின் சலவைக்காரர், பெயர் அகுஸ். அவருக்கு நல்ல இத்தாலியன் தெரிந்தது.

"இவன் ஆரெண்டு உங்களுக்குத் தெரியுமோ?" என்று என் தோளில் தட்டினார். "இவன் வலைக்கு மேலை பந்தை மெல்லத் தட்டி விழுத்திற அடிக்கு எங்கடை ஊரிலை சனம் வேலையை விட்டிட்டு ரீவிக்கு முன்னாலை நிக்கும். என்ரை சலவை அறைச் சுவரிலை இவன்ரை படம் ஒட்டியிருக்கு."

நான் மகானல்லவா, அமைதியாகத் தலையசைத்தேன்.

முதல் சுற்று புடி தோற்றான். இரண்டாவதை வென்றான். மூன்றாவதில் டென்மார்க்குக்காரன் பதினொன்றைத் தொட்டபோது புடி ஆறில் நின்றான். இடைவேளை. அவன் நாற்காலிக்கு வந்து, துவாயால் முகத்தை மூடிக்கொண்டு, "காலா" என்றான். "காலா, பாக். காலா."

"என்னவாம்?" என்றார் மிம்மோ.

நான் எழுந்துவிட்டேன். "கால், பிரெசிதெந்தே! காலாம்!"

அப்போதுதான் என் உத்தியோகத்தின் உச்சம் நிகழ்ந்தது. நான் நாற்காலியில் ஏறி நின்று, "காம்பா! காம்பா!" என்று மண்டபம் அதிரக் கத்தினேன். இத்தாலியனில் கால், கால். பட்மின்டனில் காயத்துக்கென்று தனி இடைவேளை கிடையாது. தலைமை நடுவர் வந்து பார்த்து முடிவு செய்ய வேண்டும். அவர் வந்தார். வைத்தியர் பெட்டியோடு வந்தார். புடி துவாயை எடுப்பதற்குள் இரண்டு பேர் அவனுடைய இடது காலைத் தூக்கிப் பிடித்து மருந்து அடித்தார்கள். ஏன் இடது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அதுதான் கிட்ட இருந்தது. முழங்காலைச் சுற்றி வெள்ளையாக ஒரு கட்டுப் போட்டார்கள். ஐயர் விபூதியோடு ஓடிவந்தார். நடுவர் அவரைத் தடுத்தார். ஐயர் நடுவருக்கும் பூசிவிட்டார்.

புடி ஒன்றும் விளங்காமல் தன் காலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், நடுவரின் நெற்றியைப் பார்த்தான். பிறகு சிரித்தான். எட்டு மாதத்தில் அவன் சிரித்த எல்லாச் சிரிப்பிலும் அது ஒன்றுதான் உண்மையான சிரிப்பு என்று இப்போது தெரிகிறது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வரச் சிரித்தான். அந்தச் சிரிப்போடு எழுந்து ஆடப் போனான்.

அகுஸ் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "மனுசா, ஏன் காலைக் கட்டினீங்கள்? அவன் தோத்துப்போனன் எண்டெல்லோ சொன்னவன். காலா எண்டால் தோல்வி!"

"காலா எண்டால் கால் இல்லையோ?"

"இல்லை!"

பந்து பறந்தது. வாயை மூடினேன். புள்ளி விழுந்ததும் திரும்பினேன்.

"அப்ப மகான்?"

"சாப்பாடு. சாப்பிடுவமோ எண்டு கேக்கிறது."

அடுத்த புள்ளி.

"ஆயிர்?"

"தண்ணி."

முன்வரிசையில் ஐயர் குடத்தைக் கட்டிப்பிடித்துக் கண்ணை மூடிச் செபித்துக்கொண்டிருந்தார். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"புலாங்?" என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"வீட்டுக்குத் திரும்பிப் போறது."

"நந்தி?"

"பிறகு எண்டு அர்த்தம்" என்றார் அகுஸ். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனால் எங்கடை ஆக்கள் ஒருத்தரை நோகடிக்கக்கூடாது எண்டால் அப்பிடித்தான் சொல்லுவினம். பிறகு எண்டால் இல்லை எண்டுதான்."

இப்போது ஆடுகளத்தில் நடந்ததைக் கேளுங்கள். டென்மார்க்குப் பெடியன் வெள்ளைக் கட்டைக் கண்டுவிட்டான். இவனுக்கு இடது கால் போய்விட்டது என்று நம்பி, எல்லாப் பந்தையும் அந்த மூலைக்கே போட்டான். அந்த மூலைதான் புடியின் சொந்த வீடு. பந்து வரும் முன்பே அங்கே போய் நின்று, அகுஸின் ஊரில் சனங்கள் வேலையை விட்டுப் பார்த்த அந்த அடியை அடித்தான். பந்து வலையின் நுனியில் ஏறி, அங்கே நின்று ஒரு கணம் யோசித்து, மறுபக்கம் விழும். திரும்பவும் அதே மூலை. திரும்பவும் அதே அடி. கப்பல்காரர்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். நான் மட்டும் வியர்த்துக்கொண்டிருந்தேன். அவன் ஒவ்வொரு புள்ளி எடுக்கும்போதும் அந்த மேசைக்கும் பேனாவுக்கும் ஓர் அடி கிட்ட வந்துகொண்டிருந்தான். நல்ல காலுக்கு நான் போடுவித்த கட்டு ஒன்று. மனுசனுக்கே போடுவித்த கட்டு இன்னொன்று.

புடி வென்றான். எதிர்க் கழகம் நடுவரிடம் முறையிட்டது. காயம் என்று ஆட்டக்காரன் சொல்லவில்லை, அவனுடைய மொழிபெயர்ப்பாளர்தான் சொன்னார் என்றார் நடுவர். அவர் நெற்றியில் இன்னும் விபூதி இருந்தது.

மிம்மோ கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு மேசைக்கு வந்தார்.

"ஜீனோ, கேள். ரெண்டு வருசம்."

நான் புடியைப் பார்த்தேன். அவன் களைத்துப்போய், கட்டுக் காலோடு, அந்த வெளிறிய சிரிப்பைத் தயார்செய்துகொண்டிருந்தான். நந்தி என்ற சொல் அவன் உதட்டில் வந்து நின்றது. அதற்கு முன்னால் நான் கேட்டுவிட்டேன்.

"புடி. புலாங்?"

அவன் என்னையே பார்த்தான். எட்டு மாதத்தில் நான் அவனுடைய பாஷையில் அர்த்தம் தெரிந்து பேசிய முதல் சொல் அதுதான்.

"புலாங்" என்றான். துவாயை நாற்காலியில் போட்டான். "புலாங், பாக்."

நான் மிம்மோவின் பக்கம் திரும்பினேன். முதலாளி ஒருவரின் முகத்துக்கு நேரே நான் அதுவரை செய்யாததைச் செய்தேன். நாடியைத் தூக்கி, நாக்கால் "ச்சு" கொட்டினேன்.

மிம்மோ அப்படியே நாற்காலியில் இருந்துவிட்டார்.

"இல்லையோ?"

"இல்லை, பிரெசிதெந்தே. வீட்டை போகப்போறானாம். முதல் மாதத்திலை இருந்து சொல்லிக்கொண்டிருக்கிறான்."

மிம்மோ கழுத்துப்பட்டியைக் கழற்றினார். ஒரு கன்னோலியை எடுத்துக் கடித்தார். "மடோன்னா மியா" என்றார், வாய் நிறைய. "நான் இந்தத் தலைவர் பதவியைப் பருவத்தின்ரை நடுவிலையே விட்டிருப்பன். மனிசி ஒவ்வொரு ஞாயிறும் பேசுறா. மரியாதைக்கு அவனிட்டைக் கேட்டால், நீ வந்து நன்றி சொல்லுறான், நன்றி சொல்லுறான் எண்டாய். இவ்வளவு நன்றியுள்ள மனுசனை நடுத்தெருவிலை விட்டிட்டுப் போறதெப்பிடி? அவனுக்காகத்தான் நானும் இருந்தனான்!"

"நீங்கள் வெதியாமோ எண்டு சொன்னீங்கள்."

"ஜீனோ, நீ எத்தினை வருசமாய் பலேர்மோவிலை இருக்கிறாய்? வெதியாமோ எண்டால் என்னெண்டு உனக்குத் தெரியாதோ?"

தெரியும். அதுதான் வெட்கம். எங்கள் ஊரிலும் "பாப்பம்" என்றால் இல்லை என்றுதானே? கலியாணத் தரகரிடமும் கடன் கேட்டு வந்தவரிடமும் எத்தனை தரம் பாப்பம் என்று சொல்லியிருப்பேன்? இரண்டு நல்ல மனிதர்கள் ஒருவரையொருவர் நோகடிக்காமல் பிரிந்துபோகப் பார்த்திருக்கிறார்கள். ஒருவர் பிறகு என்றார், மற்றவர் பார்ப்போம் என்றார். நடுவில் நான் ஒருவன் இருந்து இரண்டையும் சேர்த்துக் கட்டிவைத்திருக்கிறேன்.

புடி நாப்போலிக் கப்பலில்தான் புறப்பட்டான், அங்கிருந்து விமானம். நானும் பரமேசுவும் துறைமுகத்துக்குப் போனோம். பரமேசு அந்தப் பழைய நீத்துப்பெட்டி நிறையப் புட்டு அவித்துக் கொண்டுவந்திருந்தாள். நான் அதை நீட்டி, "மகான்" என்றேன். அவன் அங்கேயே, தன் பயணப் பெட்டியின் மேலே குந்தியிருந்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டான்.

"நான் அண்டைக்கே சொன்னனான், ஆளுக்குப் பசியெண்டு" என்றாள் பரமேசு. இன்றுவரை சொல்கிறாள்.

கப்பல் ஊதியது. "காப்பால்" என்றான் அவன். "கப்பல்" என்றேன் நான். அந்த ஒன்றில் எங்களுக்குள் ஒருநாளும் பிழை வந்ததில்லை. பாலத்தில் ஏறப்போனவன் திரும்பி, என்னை விரலால் காட்டி, "பாக், புலாங்?" என்று கேட்டான். பாக் என்றால் ஐயா என்று அகுஸ் சொல்லியிருந்தார். மற்றச் சொல்லுக்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவையிருக்கவில்லை.

நான் தலையைச் சரித்துச் சிரித்தேன். அவனுடைய சொல்லிலேயே பதில் சொன்னேன். அவன் பெரிதாகச் சிரித்துக் கையசைத்துக்கொண்டே ஏறிப்போனான்.

போன மாதம் சாவிக்கொத்தையும் நீத்துப்பெட்டியையும் வாங்கிவைத்துக்கொண்டு சுகந்தியும் அதையேதான் கேட்டார்.

"இனி வேலையுமில்லை. ஊரோடை போயிடுவியளோ அண்ணை?"

"நந்தி" என்றேன்.

"நன்றி என்னத்துக்கு அண்ணை?" என்றார் சுகந்தி. "சும்மாதானே கேட்டனான்."